இரண்டாவது புகைபோக்கி

தெங்கேரா, மலாக்கா
18.3.1957

திருமதி கமலவேணி கலியாணசுந்தரம் அவர்களுக்கு,

ஷரீஃபுதீன் எழுதுவது. நேரில் வந்து பேசவேண்டிய விஷயம்தான். ஆனால் "இந்தப் படிய மிதிக்காதீங்க" என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் ஒரு மைல் தூரத்துக்குத் தபால் தலை ஒட்டுகிறேன்.

இன்று காலை என் சைக்கிள் ரொட்டிக்காரன் யூசுப், நீங்கள் இருக்கும் காஜா பேராங் வழியாகப் போனபோது உங்கள் வாசல் பலகையைப் படித்துவிட்டு வந்தான். ஒரு ராத்தல் ரொட்டி பதினெட்டுக் காசு என்றான். நம்பாமல் மறுபடியும் அனுப்பினேன். பதினெட்டேதான். போன வாரம்வரை நீங்களும் நானும் இருபத்திரண்டுக்கு விற்றோம். மாவு மூட்டை விலை ஏறிக்கொண்டிருக்கிற நேரத்தில் இது என்ன விளையாட்டு?

உங்கள் வீட்டுக்காரரும் நானும் பதினோரு வருஷம் ஒரே கடையில் ரொட்டி சுட்டோம். திங்கட்கிழமை பலகையில் விலை எழுதுவதற்கு முன்னால் இருவரும் போய் அடுப்பைப் பார்ப்போம். அடுப்பு தாங்காத அளவுக்கு ஆர்டர் இருந்தால் ஒரு காசு ஏற்றுவோம், நாலு பேர் விலகிப்போவார்கள். அடுப்பு சும்மா கிடந்தால் ஒரு காசு இறக்குவோம், நாலு பேர் வருவார்கள். இந்த வழக்கம் இந்த ஊரில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஆகவே உங்கள் பலகையை என்னால் படிக்க முடியும். உங்களுடைய இரண்டு அடுப்பில் ஒன்று வேலையில்லாமல் கிடக்கிறது. அதை என் வாடிக்கைக்காரர்களைக் கொண்டு நிரப்பப் பார்க்கிறீர்கள். எனக்கும் பலகை இருக்கிறது, சாக்கட்டியும் இருக்கிறது என்பதை மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஷரீஃபுதீன்


காஜா பேராங்
21.3.1957

ஷரீஃபுதீன் பாய் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. தபால் தலை வீண்.

என் பலகையில் நான் என்ன எழுத வேண்டும் என்று சொல்ல நீங்கள் யார்? அவர் கண்மூடி நாற்பது நாள் ஆகவில்லை, பிரிவினை பேச ஆள் அனுப்பினீர்கள். தெங்கேராவில் தனிக் கடை போட்டீர்கள். அன்றைக்கே உங்கள் பலகை வேறு, என் பலகை வேறு.

படிக்கத் தெரியும் என்று பெருமை வேறு. எனக்கும் தெரியும். இருபத்திரண்டு இருந்த உங்கள் பலகையில் இப்போது இருபத்தைந்து. சந்தை முனை காப்பிக்கடைக்காரர் ஐம்பது ரொட்டி கூடுதலாகக் கேட்டதற்கு, "இனிமே ஒரு ரொட்டி வைக்கக்கூட அடுப்புல இடமில்ல" என்று கையை விரித்தீர்களாம். அடுப்பு நிரம்பி வழிகிறவருக்கு என் அடுப்பைப் பற்றி ஏன் இவ்வளவு வயிற்றெரிச்சல்?

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தினமும் நானூறு ரொட்டி என் கடையிலிருந்துதான் போகிறது. அதை வைத்துத்தான் என் கடை நிற்கிறது, நானும் நிற்கிறேன். அக்டோபரில் புது ஒப்பந்தம். அதன்மேல் உங்களுக்குக் கண். இரண்டு அடுப்பு எரிகிற கடைக்குத்தான் தருவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். என்னிடம் இரண்டும் எரிகிறது. தெருவில் போகிற யார் வேண்டுமானாலும் தலையைத் தூக்கி இரண்டு புகைபோக்கியையும் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் யூசுப்பும் பார்க்கலாம், ஒரு நாளைக்கு இரண்டு தரம்தானே வருகிறான்.

கமலவேணி

இன்னொன்று. அடுப்புக் கொத்தனார் பொன்னுதுரையை ஜனவரியிலிருந்து ஊரில் காணோம். எங்கே வேலை செய்கிறார் என்று தெரியுமா? எனக்கு அல்ல. கோயில் மடப்பள்ளி அடுப்பில் ஒரு சின்ன வேலையாம், கேட்டுச் சொல்லச் சொன்னார்கள்.


தெங்கேரா
12.4.1957

திருமதி கமலவேணி அவர்களுக்கு,

இன்று வெள்ளிக்கிழமை, ஜும்ஆ. நோன்பு வைத்துக்கொண்டு கோபப்படக் கூடாது என்று என் மனைவி ரோஷன் பீவி சொல்கிறாள். அவள் சொல்லுக்காகப் பத்து நாள் பேனாவைத் தொடாமல் இருந்தேன்.

என் சைக்கிள்காரர்கள் இரண்டு பேர் உங்களிடம் வந்துவிட்டார்கள். பதினெட்டுக் காசு ரொட்டியை விற்பது எளிது, இருபத்தைந்துக்கு விற்பது கஷ்டம், அதனால் போகிறோம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்கள். நான் உப்பிட்டு வளர்த்த ஆட்கள். உங்கள் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இப்படி ஆள் பிடித்திருக்க மாட்டார். இதை நீங்கள் படித்துவிட்டுக் கோபப்பட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் மட்டும் உங்கள் வாசலில் மூன்று லாரி ரப்பர் விறகு இறங்கியதாகக் கேள்வி. அத்தனை விறகையும் எரித்து யாருக்கு ரொட்டி சுடுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை.

என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். என்னுடைய இரண்டு அடுப்புக்கும் ஓய்வே இல்லை. புது ஆர்டர் எதையும் தொட முடியாத நிலை. அதனால்தான் இருபத்தைந்து.

பொன்னுதுரை செரம்பான் பக்கம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். எந்தத் தெரு என்று தெரியாது. மடப்பள்ளி அடுப்புக்குச் சாதாரணக் கொத்தனார் போதுமே.

ஷரீஃபுதீன்


காஜா பேராங்
24.6.1957

ஷரீஃபுதீன் பாய்க்கு,

உங்கள் ஆட்களை நான் பிடிக்கவில்லை. அவர்களாக வந்தார்கள். காலில் செருப்பு தேய உழைக்கிறவனுக்கு எங்கே ரொட்டி விற்கும் என்று தெரியும்.

இப்போது எழுதுவது வேறு விஷயம். மெர்டேக்கா சுதந்திர விழாக் குழுவிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. உங்களுக்கும் வந்திருக்கும். ஆகஸ்ட் முப்பத்தொன்று காலையில் பாடாங் மைதானத்துக்கு அணிவகுத்து வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்பதாயிரம் இனிப்பு பன். அன்று காலையில் சுட்டதாக இருக்க வேண்டும். எல்லா இனத்துப் பிள்ளைகளும் சாப்பிடுவதால் பன்றிக் கொழுப்பு என்ற சந்தேகத்துக்கே இடமில்லாத கடையாக இருக்க வேண்டுமாம். அப்படிப் பார்த்தால் இந்த ஊரில் அவ்வளவு பெரிய வேலைக்கு நீங்கள், நான், இரண்டே பேர்தான்.

விலை எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம். இரண்டு வருஷமாக நான் எதற்கு என்ன விலை எழுதினாலும் அதற்கு அரைக் காசு கீழே எழுதுவது உங்கள் பழக்கம். இந்த முறையும் அப்படியே செய்து, விழாக் குழுவிடம் நல்ல பெயர் வாங்கிக்கொள்ளுங்கள். நான் தடுக்கப் போவதில்லை.

ஒரு வார்த்தை. என் ரொட்டி எடை குறைவு என்று தெங்கேராவில் யாரோ சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். யார் என்று எனக்குத் தெரியும். தராசை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வரட்டும். படியை மிதிக்காமல் தெருவில் நின்றே நிறுத்துப் பார்க்கட்டும்.

கமலவேணி


தெங்கேரா
15.7.1957

திருமதி கமலவேணி அவர்களுக்கு,

வாழ்த்துகள். ஒன்பதாயிரம் பன்னும் உங்களுக்கே. நீங்கள் நான்கு காசு, நான் ஏழு காசு. குழுச் செயலாளர் என் கடிதத்தைப் படித்துவிட்டு, "பாய், வேல வேண்டாம்னா நேரா சொல்லலாமே" என்று சிரித்தார். எனக்கு முகத்தில் கரி பூசியது போல இருந்தது.

நான்கு காசுக்கு பன். சீனி என்ன விலை, மார்ஜரின் என்ன விலை? பதினெட்டுக் காசு ரொட்டி போதாது என்று இப்போது பன்னையும் தண்ணீர் விலைக்கு இறக்கிவிட்டீர்கள். இரண்டு அடுப்பும் எரிந்தும் உங்களுக்கு இன்னும் இடம் மிச்சமிருக்கிறது என்றால் ஒன்று சொல்கிறேன், நீங்கள் வியாபாரம் செய்யவில்லை. என்னை இந்த ஊரிலிருந்து துரத்தப் பார்க்கிறீர்கள்.

எடை பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அல்லாஹ் அறிவான். கலியாணசுந்தரத்தின் கையில் தொழில் பழகிய கடையில் எடை குறையாது என்பது எனக்குத் தெரியும். இதை நான் எழுதித் தர வேண்டியிருக்கிறதே என்பதுதான் வருத்தம்.

ஷரீஃபுதீன்


காஜா பேராங்
5.8.1957

பாய்க்கு,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் மூன்று வாரம் இருந்தேன். ஆனால் ஒரு கேள்வி என்னைத் தூங்கவிடாமல் அரிக்கிறது. நீங்கள் ஏன் ஏழு காசு எழுதினீர்கள்?

எப்போதும் எனக்கு அரைக் காசு கீழே எழுதுகிறவர் நீங்கள். ஆஸ்பத்திரிக்குப் போன முறை எழுதினீர்கள், அன்று உங்களிடம் ஒரே அடுப்பு என்பதால்தான் எனக்குக் கிடைத்தது. ரயில் கேன்டீனுக்கு எழுதினீர்கள். என் பலகையில் பதினெட்டு என்று எழுதி வைத்துக்கொண்டு பன்னுக்கு மட்டும் நான் ஆறு காசு எழுத முடியுமா? ஊர் என்ன நினைக்கும்? நான்கு எழுதினேன். நீங்கள் மூன்றரை எழுதி எடுத்துக்கொண்டு போவீர்கள் என்று

இந்த வரியை அடித்துவிட நினைத்தேன். இருக்கட்டும். தாள் வீணாகும்.

அடுப்பு நிரம்பியிருக்கிறது என்கிறீர்கள். சரி. அப்படி என்றால் ஏழு காசு சரிதான். ஆனால் உங்கள் சைக்கிள்காரர்களில் இரண்டு பேர் என்னிடம் இருக்கிறார்கள். சந்தை முனை காப்பிக்கடையும் இங்கேதான் வாங்குகிறது. பின்னே யாருக்காக உங்கள் அடுப்பு நிரம்பி வழிகிறது? இதை நான் வெகு நாளாக யோசிக்கிறேன்.

பொன்னுதுரையின் செரம்பான் விலாசம் கிடைத்தால் அனுப்பவும். மடப்பள்ளி வேலை இன்னும் ஆகவில்லை.

கமலவேணி


தெங்கேரா
9.8.1957

கமலவேணி அம்மாளுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். பிறகு ரோஷன் பீவியைக் கூப்பிட்டு அவளிடமும் படித்துக் காட்டினேன். அவள் ஒரு விஷயம் சொன்னாள். அதைச் சொல்லாமல் இத்தனை நாள் வைத்திருந்ததற்கு அவளைக் கோபித்துக்கொண்டேன்.

உங்கள் கடைக்குப் பின்னால், மலாய் பேசுகிற செட்டிகள் குடியிருக்கும் செட்டி கம்போங்கில் இருக்கிற சீதா மாமி எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொண்டுவருவார். போன மாசம் வந்தபோது உங்கள் பேச்சு வந்ததாம். மாமிக்குத் தமிழ் வராது. மலாயில் சொன்னாராம்: "அசாப் அடா, பாவு தாக் அடா." புகை இருக்கிறது, வாசனை இல்லை. உங்கள் இரண்டாவது புகைபோக்கி மாமியின் சமையல்கட்டை ஒட்டி இருக்கிறது. முன்பெல்லாம் விடிந்தால் ரொட்டி வாசனை வீட்டுக்குள் வருமாம். ஜனவரிக்குப் பிறகு வெறும் விறகுப் புகைதான் வருகிறதாம். துணி காயப்போட முடியவில்லை என்று குறை சொன்னாராம்.

வெறும் அடுப்பை எரிக்கிறீர்கள்.

உங்களிடம் ஒரே அடுப்புதான் இருக்கிறது. அதில் ஆஸ்பத்திரி ரொட்டியும் சுட்டு, ஒரே விடியலில் ஒன்பதாயிரம் பன்னும் சுட முடியாது. தலைகீழாக நின்றாலும் நாலாயிரம். முப்பத்தொன்றாம் தேதி காலையில் ஐயாயிரம் பிள்ளைகள் வெறும் கையோடு வெயிலில் நிற்பார்கள். அடுத்த நாள் மலாக்காவில் உங்கள் பெயரைச் சொல்லி ஒருவர் ரொட்டி வாங்க மாட்டார்.

நான் ஒரு வழி சொல்கிறேன். ஐயாயிரம் பன் நான் சுட்டுத் தருகிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம், உங்கள் கூடையில் போட்டு உங்கள் பெயரிலேயே போகட்டும். பதிலுக்கு அக்டோபரில் ஆஸ்பத்திரிக்கு நீங்கள் விலை எழுதக் கூடாது. யோசித்துச் சொல்லுங்கள். நாள் அதிகம் இல்லை.

ஷரீஃபுதீன்


காஜா பேராங்
12.8.1957

ஷரீஃபுதீன் பாய்,

ஆமாம். வெறும் அடுப்புதான். பொங்கல் முடிந்த மறுவாரம் இரண்டாவது அடுப்பின் மேல் வளைவு குறுக்கே வெடித்தது. கை நுழைகிற அளவுக்கு விரிசல். எவ்வளவு எரித்தாலும் சூடு நிற்காது, ரொட்டி வெளுத்துப்போய் வரும். ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் ஒப்பந்தம் போய்விடும், உங்களுக்குத் தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குத் தெரிந்துவிடும். அதனால் தினமும் விறகைக் கொட்டி எரித்தேன். பதினெட்டு என்று எழுதினேன், என்னிடம் அடுப்பு சும்மா கிடக்கிறது என்று நீங்கள் நம்புவதற்காக. அந்த விலைக்கு ஊரே வந்து வாசலில் நின்றது. ஏழு மணிக்கெல்லாம் ரொட்டி தீர்ந்துவிடும். தீர்ந்தது தெரியக் கூடாது என்று காலித் தட்டுகளைத் துணி போட்டு மூடி சைக்கிளில் அனுப்பினேன். நீங்கள் "இடமில்லை" என்று திருப்பி அனுப்பிய காப்பிக்கடைக்காரர்கள் அத்தனை பேரும் என்னிடம்தான் வந்தார்கள். அவர்களுக்கு நான் சொன்ன பொய்களை எல்லாம் எழுதினால் இந்தத் தாள் போதாது.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்ததும் வெட்கம் போய்விட்டது.

ஐயாயிரம் பன் சுட்டுத் தருகிறேன் என்கிறீர்கள். எதில்? உங்களுடைய இரண்டு அடுப்புக்கும் ஓய்வில்லை, ஒரு ரொட்டி வைக்க இடமில்லை, அதனால்தான் இருபத்தைந்து என்று ஏப்ரலில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை எடுத்து உங்கள் புதுக் கடிதத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐயாயிரம் பன் ஒரு விடியலில் சுட வேண்டுமானால் உங்களிடம் ஓர் அடுப்பு முழுசாகச் சும்மா கிடக்க வேண்டும். மூன்றாவது அடுப்பு. யாருக்கும் காட்டாத அடுப்பு.

அடுப்பு தானாக முளைக்காது. இந்த ஊரில் ரொட்டி அடுப்புக்கு வளைவு கட்டத் தெரிந்தவர் ஒரே ஆள். அவரை ஜனவரியிலிருந்து காணோம்.

பொன்னுதுரை செரம்பானுக்குப் போகவில்லை. உங்கள் பின்சுவருக்குப் பின்னால் இருந்தார். நான் ஊரெல்லாம் அலைந்து தேடிக்கொண்டிருந்தபோது, என் கணவரோடு பதினோரு வருஷம் ஒரே தட்டில் சோறு தின்றவர் அவரை ஒளித்து வைத்திருந்தார். கேட்டதற்கு விலாசம் தெரியாது என்று எழுதினார். என் வளைவு வெடித்ததற்கு நீங்கள் காரணமில்லை. அது ஏழு மாசமாக வெடித்தே கிடப்பதற்கு நீங்கள்தான் காரணம்.

இனி அவர் வந்தும் பிரயோசனமில்லை. புது வளைவு இருபது நாள் காய வேண்டும். விழாவுக்குப் பத்தொன்பது நாள்தான் இருக்கிறது.

ஆஸ்பத்திரியை விட்டுத் தர மாட்டேன். உங்கள் பன்னும் வேண்டாம்.

கமலவேணி


தெங்கேரா
17.8.1957

கமலவேணி அம்மாளுக்கு,

ஐந்து நாளாக இந்த வீட்டில் எனக்கு யாரும் ஒழுங்காகச் சோறு போடவில்லை. உங்கள் கடிதத்தை ரோஷன் பீவி எனக்கு முன்பே பிரித்துப் படித்துவிட்டாள். "அந்தப் பொண்ணு கேட்டப்ப ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்க தாடி உதிர்ந்தா போயிருக்கும்?" என்றாள்.

ஆமாம், மூன்றாவது அடுப்பு இருக்கிறது. பொன்னுதுரை ஜனவரியிலிருந்து மார்ச் கடைசிவரை என் பின்கட்டில் தங்கிக் கட்டினார். யாரிடமும் சொல்வதில்லை என்று பிள்ளைகள்மேல் சத்தியம் வாங்கினேன். முடிந்ததும் செரம்பானில் தம்பி வீட்டுக்கு நான்தான் அனுப்பி வைத்தேன். நான் எழுதியபோது அவர் அங்கே இருந்தது உண்மை. விலாசம் தெரியாது என்றது பொய்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். அக்டோபரில் உங்களுக்கு எதிர்பாராத அடி கொடுக்க. என்னிடம் மூன்று அடுப்பு என்று தெரிந்தால் நீங்கள் முன்கூட்டியே விலையை இறக்குவீர்கள். ஆஸ்பத்திரிக்காரரும் சும்மா கிடக்கிற அடுப்பைப் பார்த்தால் பாதி விலைக்குக் கேட்பார். அதனால் இருபத்தைந்து எழுதி, வந்தவர்களைத் திருப்பி அனுப்பி, அடுப்பு நிரம்பி வழிவதாகக் காட்டினேன். கட்டிய நாளிலிருந்து அந்த அடுப்பில் ஒரு ரொட்டி சுடவில்லை. தினமும் கூட்டிப் பெருக்குகிறேன். பன்னுக்கு மூன்றரை எழுதக் கை துடித்தது. எழுதினால் அடுப்பு வெளியே தெரிந்துவிடும் என்று ஏழு எழுதினேன்.

நீங்கள் மட்டும் உண்மையா எழுதினீர்கள்? மடப்பள்ளி அடுப்பு என்றீர்கள். "என் அடுப்பு வெடிச்சுப் போச்சு" என்று ஒரு வரி எழுதியிருந்தால் பொன்னுதுரையை மறுநாளே அனுப்பியிருப்பேன். இதை எழுதிவிட்டு யோசிக்கிறேன். அனுப்பியிருக்க மாட்டேன். இரண்டு வருஷமாக அந்தப் படியில் ஏற முடியாமல் நிற்கிறவனுக்கு அவ்வளவு பெரிய மனசு இல்லை. பிரிவினை பேச ஆள் அனுப்பியது தப்புதான். அதற்கு நான் வந்து மன்னிப்புக் கேட்கக்கூட நீங்கள் விடவில்லை.

ஐயாயிரம் பன்னையும் சுட்டுத் தருகிறேன். ஆஸ்பத்திரி பற்றி நிபந்தனை எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் அடுப்பு விஷயம் அக்டோபர்வரை வெளியே போகக் கூடாது. உங்கள் விஷயமும் என் வாயிலிருந்து போகாது.

ஷரீஃபுதீன்


காஜா பேராங்
20.8.1957

ஷரீஃபுதீன் பாய்க்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இன்று காலை குளித்து, நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு விழாக் குழுச் செயலாளரைப் பார்க்கப் போனேன்.

என் இரண்டாவது அடுப்பு ஜனவரியிலிருந்து வேலை செய்யவில்லை, ஒன்பதாயிரம் பன்னுக்கு விலை எழுதியது தப்பு என்று சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். தெங்கேரா ஷரீஃபுதீன் பாயிடம் மூன்று அடுப்பு இருக்கிறது, மூன்றாவது புத்தம் புதுசு, ஐயாயிரம் அவர் சுடுவார் என்றேன். இரண்டு கடைப் பெயரும் போட்டு வேறு கடிதம் எழுதச் சொல்லி, நின்று வாங்கிக்கொண்டு வந்தேன். உங்களுக்கு உரிய நகல் இத்துடன் இருக்கிறது. விலை நான்கு காசுதான். நான் வாக்குக் கொடுத்த விலை, நீங்களும் கொஞ்சம் அழுங்கள்.

ரகசியமாகச் சுட்டு என் கூடையில் போடுகிற பன் எனக்கு வேண்டாம். அப்படி வாங்கினால் சாகிறவரை உங்கள் கைக்குள் இருப்பேன், நீங்களும் என் கைக்குள் இருப்பீர்கள். விறகுப் புகையில் ஏழு மாசம் மூச்சு முட்டியது போதும்.

இனி ஆஸ்பத்திரிக்கும் என் அடுப்பு கதை போய்விடும். போகட்டும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அந்த நானூறு ரொட்டி நின்றால் கடையை மூட வேண்டியதுதான். ஆனால் ஐயாயிரம் பிள்ளைகளை ஏமாற்றிவிட்டு நான் திறந்து வைத்திருக்கிற கடையில் என்ன இருக்கிறது?

நடுவில் கட்டைவிரல் குழி வைத்து, சீனி தூவி. அவர் காலத்தில் செய்த மாதிரி. மறந்திருக்க மாட்டீர்கள்.

கமலவேணி


தெங்கேரா
1.9.1957

கமலவேணி அம்மாளுக்கு,

நீங்கள் எனக்குச் செய்ததை நான் மறக்கப் போவதில்லை.

மூன்று அடுப்பு கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. சந்தை முனை காப்பிக்கடைக்காரர் என் கடைக்கே வந்து, "மூணு அடுப்ப வச்சுக்கிட்டா எங்கள இருபத்தஞ்சுக்கு அறுத்தீங்க பாய்?" என்று ஆள் நிறைந்திருக்கும்போது கேட்டார். பெட்டியை நீட்டி ஒரு பன் கொடுத்தேன்.

நேற்று பாடாங்கில் இரண்டு கடை வண்டியும் ஒரே கூடாரத்தில் இறங்கின. நீங்கள் அந்த முனையில், நான் இந்த முனையில். என் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. நானும் திரும்பவில்லை என்றுதான் நினைத்தேன், ஆனால் நாம் இருவருமே மாறி மாறித் திரும்பிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம் என்று ரோஷன் பீவி சொன்னாள். கூடைகள் கலந்துவிட்டன. எது உங்கள் பன், எது என் பன் என்று எனக்கே தெரியவில்லை. எல்லாவற்றிலும் அதே கட்டைவிரல் குழி. கலியாணசுந்தரம் வந்து பார்த்திருந்தால் நம் இருவரையும் செருப்பால் அடித்திருப்பார்.

கடைசிப் பிள்ளைவரை கிடைத்தது. நாற்பது பன் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். அக்டோபர் ஏழாம் தேதி விலை கேட்பார்கள், அதற்கு முன்னால் வந்து அடுப்பை எண்ணுவார்கள். உங்களிடம் ஒன்றுதான் எரிகிறது என்றால் உங்கள் கடிதத்தைப் பிரிக்கக்கூட மாட்டார்கள். எனக்கு வேண்டியது அதுதானே. நான் வீட்டில் உட்கார்ந்திருந்தாலே போதும், அது என் கைக்கு வந்துவிடும்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் பொன்னுதுரை செரம்பானிலிருந்து வருகிறார். நேரே உங்கள் கடைக்குத்தான். தந்தி கொடுத்து வரவழைத்திருக்கிறேன். சத்தியத்திலிருந்தும் விடுவித்துவிட்டேன். நாளையே வேலையைத் தொடங்கினால் வளைவு கட்டி, இருபது நாள் காய்ந்து, முப்பதாம் தேதி எரிக்கலாம்.

இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாளையிலிருந்து என் பலகையில் பத்தொன்பது. மூன்று அடுப்புக்கு அதுதான் சரியான விலை. அதில் ஒரு பொய்யும் இல்லை.

ஷரீஃபுதீன்


காஜா பேராங்
30.9.1957

ஷரீஃபுதீன் அண்ணனுக்கு,

பொன்னுதுரை வேலையை முடித்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டே கட்டினார். நான் அவரை ஒன்றும் சொல்லவில்லை, காப்பி மட்டும் ஒரு வாரம் சீனி இல்லாமல் கொடுத்தேன்.

இன்று காலை இரண்டாவது அடுப்பில் முதல் தட்டு வைத்தேன். வேலியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சீதா மாமி மூக்கை உறிஞ்சிவிட்டு இரண்டு ரொட்டி கேட்டு ஆள் அனுப்பினார். ஆஸ்பத்திரிக்காரர் வியாழக்கிழமை வருகிறார். எண்ணிப் பார்க்கட்டும்.

என் பலகையில் இன்று இருபது எழுதினேன். இரண்டு அடுப்பும் நிரம்பினால் ஏற்றுவேன். ஏழாம் தேதி ஆஸ்பத்திரிக்கு நான் என்ன எழுதப் போகிறேன் என்று சொல்ல மாட்டேன். உங்களிடமிருந்து அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்ற என்னால் ஆனதெல்லாம் செய்வேன். நீங்களும் விடாதீர்கள். விட்டுக்கொடுத்தீர்கள் என்று தெரிந்தால் உங்களை மன்னிக்க மாட்டேன்.

முதல் சூட்டில் வந்த ரொட்டி ஒன்று இந்தக் கடிதத்தோடு யூசுப் கையில் அனுப்புகிறேன். வழக்கம்போல் பலகையைப் படிக்க வந்திருந்தான். அண்ணிக்குக் கொடுக்கவும், உங்களுக்கு அல்ல. இருபது காசு அவனிடமே கொடுத்தனுப்பவும்.

இனி அவனை அனுப்ப வேண்டாம். இரண்டு புகைபோக்கியும் எரிகிறதா என்று பார்க்க வேண்டுமானால் நீங்களே வாருங்கள். படியைக் கழுவிவிட்டிருக்கிறேன்.

கமலவேணி